குளிருக்குக் கூட்டிய பெற்றோல்

1

நாங்கள் லண்டனுக்கு வந்து பதினான்கு வருடம் முடிந்த நாளன்று என் மனைவி கலா கேசரி கிண்டினாள். ஒவ்வொரு மார்கழியும் நத்தாருக்கு ஒரு கிழமை முன்பு இந்தக் கேசரி வந்துவிடும். அதற்கு முன்பு நான் சுவீடனில் பதினேழு வருடம் இருந்தேன்; அவள் பதினைந்து வருடம். அங்கே போய்ச் சேர்ந்த நாளை நினைத்து அவள் ஒரு கரண்டி ரவைகூட வறுத்ததில்லை.

லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் கேசரியை வைத்துக்கொண்டு இருந்தபோது மயூரியிடமிருந்து தகவல் வந்தது. மயூரி எங்கள் ஒரே மகள். வயது இருபத்தேழு. சுவீடனின் வடக்கில், நாங்கள் விட்டுவந்த அதே சின்னப் பட்டினத்தில், ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறாள். லண்டனில் அவளைப் படிப்பித்து ஆளாக்கினோம். ஆளானதும் அவள் செய்த முதல் காரியம், சுவீடன் பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனதுதான். அது நடந்து இரண்டு வருடம்.

தகவலில் ஆண்டு நிறைவுக்கு வாழ்த்து ஒன்றும் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு வரி ஆங்கிலம். அதில் 'அப்பா' மட்டும் தமிழ். பனி ஸ்கூட்டர் மலையேறும்போது ஒரு மாதிரிச் சத்தம் போடுகிறது, பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தாள். கூடவே ஒரு கோப்பும் அனுப்பியிருந்தாள்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குப் பனி ஸ்கூட்டர் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். சுன்னாகத்தில் இருக்கும் என் தம்பி, நான் சுவீடனில் பெண்கள் ஓடும் ஸ்கூட்டர்களைத் திருத்திக்கொண்டு இருந்ததாகத்தான் இன்றுவரை நம்புகிறான். முன்னால் சில்லுக்குப் பதிலாக இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னால் புல்டோசருக்கு இருப்பதுபோல் ஒரு நீளப் பட்டி, நடுவில் மனிதர் இருக்க ஒரு சீற். அதற்குள் இருக்கும் எஞ்சினுக்குக் காற்று போதவில்லை என்று டர்போ என்ற விசிறி ஒன்றைப் பூட்டிக் காற்றைத் திணிப்பார்கள். எவ்வளவு திணிக்கிறோம் என்பதுதான் பூஸ்ட். திணித்த காற்றுக்கு ஏற்ப பெற்றோல் ஊற்ற வேண்டும். ஒரு பங்கு பெற்றோலுக்கு எத்தனை பங்கு காற்று எரிகிறது என்று புகைக்குழாயில் இருக்கும் ஒரு கருவி சொல்லும். மயூரி வைத்திருப்பது போன்ற மெசினில் முழு வேகத்தில் அந்த எண் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பதின்மூன்றைத் தாண்டினால் பெற்றோல் காணாது, எஞ்சின் கொதித்துப் பிஸ்டன் உருகும். பத்துக்குக் கீழே போனால் பெற்றோல் கூடிப்போய் எஞ்சின் மூழ்கும். பதினேழு வருடம் எனக்குச் சோறு போட்ட அறிவு முழுவதும் இவ்வளவுதான்.

கோப்பைத் திறந்தேன். அவள் ஓடிய ஒவ்வொரு நொடியும் அதில் வரிவரியாக இருந்தது. எஞ்சினின் கணக்கும் கூடவே இருந்தது; அதை நான் இங்கே மாற்றி அனுப்பினால் அவள் அங்கே மெசினில் ஏற்றிக்கொள்ளலாம். வெளிக் காற்று மைனஸ் இருபத்தேழு. பூஸ்ட் எட்டு. முழு வேகத்தில் காற்று–பெற்றோல் எண் பதின்மூன்றுக்குச் சற்று மேலே. பழைய மெசினாக வாங்கியிருக்கிறாள். முன்பு வைத்திருந்தவர் குளிர் குறைந்த நாளொன்றில் கணக்கை வைத்துவிட்டு விற்றிருக்கிறார். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அது கூட வந்தால் பெற்றோலும் கூட வேண்டும்.

தெருவில் இருந்து நாற்பது கிலோமீற்றர் உள்ளே, போன் எடுபடாத மலையில், பிஸ்டன் உருகிய மெசினோடு மயூரி நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அதோடு இன்னொன்றையும் நினைத்தேன். பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் அவள் போன் எடுப்பாள். சாப்பிட்டியா என்று கேட்பேன், ஓம் என்பாள், அம்மாவிடம் குடுங்கோ என்பாள். பதினான்கு வருடத்தில் அவளாக என்னிடம் வந்து ஒன்று கேட்டது இதுதான் முதல் தடவை. இதில் மட்டும் பிழை விடக்கூடாது என்று இருந்தது.

கேசரி ஆறிப்போய்விட்டது. கலா அதற்கும் என்னைத்தான் பேசினாள்.

2

லண்டனில் என் தொழிலுக்குப் பெயர் இல்லை. வந்த புதிதில் வேலை தேடித் தரும் அலுவலகத்தில் ஒரு பெண் அலுவலர் என்னிடம் முன்பு என்ன செய்தாய் என்று கேட்டார். சொன்னேன். கணினியில் இருந்த பட்டியலை மேலும் கீழும் தள்ளித் தேடினார். பனி சம்பந்தமாக அதில் ஐஸ்கிறீம் மட்டுமே இருந்தது. கடைசியில், புல் வெட்டும் இயந்திரமும் ஏறக்குறைய இதுதானே என்று என்னையே கேட்டு, அதையே பதிந்துவிட்டார். ஒரு வருடமாக எனக்குப் புல் வெட்டும் இயந்திரம் திருத்தும் வேலைகள் கடிதத்தில் வந்துகொண்டிருந்தன. ஒன்றுக்கு நேர்முகத்துக்கும் போனேன். எடுக்கவில்லை, அனுபவம் காணாதாம்.

பிறகு பிரித்தானியா ஐரோப்பாவை விட்டு விலகியபோது, சுவீடன் பாஸ்போட்காரனான நான் இங்கே இருக்கலாம் என்று அனுமதி தந்தார்கள். தாளில் இல்லை, இணையத்தில். முத்திரை குத்தாத கடதாசியையே நம்பாத ஊரில் பிறந்த எனக்கு, கடதாசியே இல்லாத அனுமதியை எப்படி நம்புவது? போன் திரையைப் படம் எடுத்து, அச்சடித்து, பிளாஸ்ரிக் உறை போட்டு வைத்தேன். அதை ஒருமுறை வீட்டு ஏஜென்டிடம் நீட்டினேன். அவர் அதை இரு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மிக அழகாக இருக்கிறது, ஆனால் செல்லாது என்றார்.

இதைவிடப் பெரிய சிக்கலை மூச்சில் கொண்டுவந்திருந்தேன். வடக்குச் சுவீடனில் ஓம் என்று வாயால் சொல்ல மாட்டார்கள். உதட்டைக் குவித்து, சூடான தேத்தண்ணியை உறிஞ்சுவதுபோல் ஒரு சின்ன மூச்சை உள்ளே இழுப்பார்கள். அவ்வளவுதான் ஓம். குளிரில் வாயைத் திறக்கப் பஞ்சி என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது இரண்டு வருடத்தில் ஒட்டிவிட்டது. மயூரி அதோடேயே பிறந்தவள். கலாவுக்கு மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் மூன்று தடவை ஓம் சொன்ன பிறகும், இவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நிற்பாள். மரியாதை தெரியாத சனம் என்று வீட்டுக்கு வந்து சொல்லுவாள்.

லண்டனில் டொக்டரிடம் போனபோது, அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நான் மூச்சை இழுத்து இழுத்து ஓம் சொல்லியிருக்கிறேன். முழங்கால் வலிக்குப் போனவன் ஆஸ்துமா பம்பியோடு திரும்பி வந்தேன். மயூரிக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்தது இவ்வளவு வேடிக்கை இல்லை. வகுப்பில் எல்லோரும் சேர்ந்து மூச்சு இழுத்துக் காட்டினார்களாம். ஒரு தவணைக்குள் அவளிடம் அது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவளிடம் 'யா' இருந்தது, 'ஓகே' இருந்தது, தாயிடம் 'ஓம்' இருந்தது. அந்த மூச்சை நான் பிறகு அவளிடம் கேட்கவில்லை.

3

பெற்றோலைக் கணக்கு வைக்க நான் கற்றது பெற்றோல் இல்லாத இடத்தில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போர்க்காலத் தடையால், யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றிருந்தது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கண்ணுக்கு விடும் மருந்துப் போத்தலில் நாலைந்து துளி பெற்றோல் வைத்திருந்து, அதை காபரேட்டருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். சுன்னாகத்தில் ஒரு தகரக் கொட்டிலில் அந்த வேலையை நான் செய்தேன். எனக்கு இருபது வயது. வருகிறவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: எண்ணெய் குறைவாகக் குடிக்கப் பண்ணு.

ஒருவருக்கு அப்படிக் குறைத்துக் கொடுத்தேன். அளவுக்கு மிஞ்சிக் குறைத்துவிட்டேன். பிள்ளைப்பேறுக்கு மனைவியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகையில் பாதி வழியில் எஞ்சின் இறுகிவிட்டது. மனைவி இரண்டு மைல் நடந்தார். பிள்ளை சுகமாகப் பிறந்தது. இப்போது கனடாவில் பாங்கில் வேலை செய்கிறது. அந்த மனிதர் என்னை ஒரு சொல் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

அதனால், சுவீடனில் பெற்றோல் குழாயைத் திறந்தால் கொட்டுகிற இடத்துக்கு வந்தபோது நான் எந்த மெசினுக்கும் கொஞ்சம் கூடவே ஊற்றினேன். பட்டறை முதலாளி லெனார்ட் இதைக் கண்டுபிடிக்க ஒரு குளிர்காலம் போதுமாக இருந்தது. நான் திருத்திய மெசின் ஒன்றும் உருகாது. ஆனால் பின்னால் கறுப்பாகப் புகை விடும். விருந்தாளி போதும் போதும் என்று இலையை மறைக்க மறைக்க இன்னொரு அகப்பை போடுகிற நம் ஆட்களின் பழக்கத்தை லெனார்ட்டுக்கு எப்படி விளக்குவது? அவர் என் கணக்குகளில் இருந்து இரண்டு மூன்று வீதம் குறைப்பார். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இப்படியே பதினேழு வருடம் சரியாக ஓடியது.

லண்டனில் லெனார்ட் இல்லை.

மயூரியின் மெசினுக்கு ஏழு வீதம் பெற்றோல் கூட்டினால் போதும் என்று எனக்குத் தெரியும். தாளில் எழுதியும் வைத்தேன். அந்த நேரம் பார்த்து கலா தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவளுக்குத் திரையில் இருந்த எண்களில் ஒன்று மட்டும் விளங்கியது: மணிக்கு நூற்றுப் பதினெட்டு கிலோமீற்றர். பெற்ற மனம் பித்து என்பார்கள். அது தாய்க்கு மட்டும் என்று யாரும் சொல்லவில்லை.

"உந்த வேகத்தைக் கொஞ்சம் குறைச்சு விடுங்கோவன்," என்றாள். "அவளுக்கு என்ன தெரியப்போகுது."

நான் மறுத்தேன் என்று எழுத ஆசை. பூஸ்டை எட்டில் இருந்து ஐந்துக்கு இறக்கினேன். ஏழு வீதம் கூட்ட வேண்டிய பெற்றோலைப் பதினாறு வீதம் கூட்டினேன். காற்றைக் குறைத்து பெற்றோலைக் கூட்டினால் என்ன நடக்கும் என்று எந்தக் கராஜ் பையனும் சொல்லுவான். எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் கணக்குப் பார்த்தது எஞ்சினுக்கு இல்லை. அங்கே இருக்கிற பிள்ளையை மெதுவாகப் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இங்கே இருந்து மெசினை மெதுவாகப் போகப் பண்ணினேன்.

மின்னஞ்சலில் 'குளிருக்குப் பெற்றோல் கூட்டியிருக்கிறேன்' என்று ஒரு வரி எழுதினேன். பூஸ்டைப் பற்றி எழுதவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அன்றைக்கு நான் நிம்மதியாக இரண்டாம் தரமும் கேசரி சாப்பிட்டேன்.

4

ஒன்பது நாள் கழித்து, வேலையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் மயூரி போன் எடுத்தாள். எழுதாமல் போன் எடுத்ததே எனக்குப் பயமாக இருந்தது. நான் வேலை செய்யும் கராஜின் பின்பக்கத்தில் பழைய ரயர்களின் மேல் இருந்துகொண்டு கேட்டேன்.

கூட வேலை செய்யும் நாலு பேரோடு மலைக்குப் போயிருக்கிறாள். மற்ற மெசின்கள் ஏறிவிட்டன. இவளுடையது பாதி ஏற்றத்தில் மூச்சு விட ஏலாமல் இருமி, புகைவிட்டு, ஆழமான பனிக்குள் புதைந்துவிட்டது. பிளக்குகள் பெற்றோலில் நனைந்துபோயிருந்தன. மைனஸ் இருபத்தைந்தில் கையுறையைக் கழற்றிப் பிளக் மாற்றியிருக்கிறாள். மாற்றியதும் மறுபடி நனைந்தது. மூன்று மணித்தியாலம். கடைசியில் கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். இரண்டு விரல் நுனிகள் வெள்ளையாகிப் போய்த் திரும்பி நிறம் வந்ததாம். கையால் பிழைக்கிற தொழில் அவளுடையது. இதையெல்லாம் அவள் ஆங்கிலத்தில், ஆஸ்பத்திரியில் நோயாளியின் விபரம் சொல்வதுபோல் சொன்னாள்.

பிறகு தமிழுக்கு மாறினாள்.

"அப்பா, பூஸ்ட் அஞ்சில நிக்குது. எட்டில இருந்தது."

நான் மறந்திருந்தேன். அவள் சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு நேரே பட்டறைக்கு வந்து, கலா வேலை முடிந்து வரும்வரை என் மேசையில் இருந்து வீட்டுப்பாடம் செய்தவள். இந்த எண்களை வாசிக்க அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. குளிருக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று மாற்றியதாகச் சொன்னேன்.

"குளிருக்குப் பெற்றோல்தானே கூட்டுறது. பூஸ்டை ஏன் குறைச்சனீங்கள்? ஏன் சொல்லேல்லை?"

கராஜுக்குள் யாரோ சில்லுக் கழற்றும் துப்பாக்கியை அமத்தினார்கள். அந்தச் சத்தம் நிற்கும்வரை எனக்கு அவகாசம் கிடைத்தது.

"நான் உங்களை மெசினைப் பாக்கச் சொல்லித்தான் கேட்டனான்," என்றாள். "என்னைப் பாக்கச் சொல்லிக் கேக்கேல்லை." கொஞ்சம் பொறுத்து, சத்தம் போடாமல், "லண்டனுக்கும் இப்பிடித்தான் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்," என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

அது உண்மை. பதினான்கு வருடத்துக்கு முன்பு அந்த மார்கழியில், நத்தார் விடுமுறைக்கு மூன்று கிழமை லண்டன் போகிறோம் என்றுதான் அவளிடம் சொன்னோம். அப்போது இங்கே வீடு வாடகைக்கு எடுத்தாகிவிட்டது. தைமாதப் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பமும் போட்டாகிவிட்டது. ஊர் முழுக்க ஒரே ஒரு தமிழ்க் குடும்பமாக இருந்து எங்களுக்கு அலுத்துவிட்டது. கோயில், சொந்தம், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி எல்லாம் இங்கேதான் என்று கலா நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டு இருந்தாள். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் உண்மையைச் சொன்னால் அழுது குழப்பிவிடும் என்று நினைத்தோம். மயூரிக்கு நான் கட்டிக்கொடுத்த சின்னப் பனி ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. போகிற நாள் காலை, அவள் அதை லெனார்ட்டின் கொட்டிலுக்குள் தள்ளிவிட்டு, மேலே தார்ப்பாய் போட்டு, நாலு மூலையும் கட்டி, மூன்று கிழமையில் வாறன் என்று அதற்குச் சொல்லிவிட்டு வந்தாள். பங்குனியில் நான் அதைப் போனிலேயே விற்றேன்.

அழுது குழப்புவாள் என்று பயந்தோம். அவள் அழவில்லை. அதைத்தான் எங்களுக்குத் தாங்க முடியவில்லை.

5

அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பொங்கல் வந்தது. கலாவுக்கு மட்டும் ஒரு படம் வந்தது, மண்பானை இல்லாமல் கரண்ட் அடுப்பில் பொங்கிய பொங்கல். கலா என்னிடம் காட்டினாள். உங்களுக்கு வரேல்லையோ என்று கேட்கவில்லை. அந்த மட்டில் அவள் நல்லவள்.

லண்டனில் எனக்கு இப்போது எம்.ஓ.டி. வேலை. கார்கள் தெருவில் ஓடத் தகுதியா என்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். புகைக்குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டால் இங்கேயும் காற்று–பெற்றோல் எண்தான் வரும். அது அவர்கள் சொன்ன எல்லைக்குள் நின்றால் சரி, இல்லாவிட்டால் இல்லை. கொஞ்சம் கூட ஊற்ற இடமில்லை. என்னைப் போன்ற ஆளுக்கு நல்ல வேலை. அந்தக் கிழமைகளில் ஒவ்வொரு காரும் எவ்வளவு நேர்மையாகத் தன் எண்ணைச் சொல்லுகிறது என்று பார்த்து எனக்கு எரிச்சலாக இருந்தது.

அப்போதுதான் நாடாவின் ஞாபகம் வந்தது. லெனார்ட்டின் பட்டறையில் ஒரு வழக்கம். யாருடைய மெசினில் எந்த எண்ணை மாற்றினாலும், பொனட்டின் உட்பக்கத்தில் ஒரு வெள்ளை நாடா ஒட்டி அதில் எழுத வேண்டும். என்ன இருந்தது, என்ன ஆக்கினோம், ஏன், இப்போது என்ன. கடைசியில், சரிபார்த்தவரின் முதலெழுத்து. மாற்றியவரே சரிபார்க்கக் கூடாது. மலையில் மெசின் நின்றால் திறந்து பார்க்கிறவனுக்கு உண்மை தெரிய வேண்டும் என்பதுதான் விஷயம். எழுதாமல் மாற்றியவன் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். லெனார்ட் அப்படி இரண்டு பேரை அனுப்பியிருக்கிறார். பதினேழு வருடத்தில் நான் முன்பின் தெரியாத ஆட்களின் மெசின்களில் நூற்றுக்கணக்கான நாடா ஒட்டியிருப்பேன். சொந்த மகளுக்கு ஒரு வரி எழுதவில்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம் மடிக்கணினியைத் திறந்து அவளுடைய முதல் கோப்பில் இருந்து திரும்பத் தொடங்கினேன். பூஸ்டை எட்டுக்கு ஏற்றினேன். கை ஒருமுறை ஏழில் நின்றது. ஏற்றினேன். பெற்றோலை ஏழு வீதத்துக்கு இறக்கினேன். எட்டாக வைக்கலாம், ஒரு வீதம்தானே என்று உள்ளே ஒருவன் சொன்னான். சுன்னாகத்துத் தகரக் கொட்டிலில் இருந்து கூடவே வந்தவன் அவன். ஏழிலேயே விட்டேன்.

பிறகு நாடாவில் எழுதவேண்டியதை மின்னஞ்சலில் எழுதினேன். சுவீடிஷில் எழுதினேன். நாடா எப்போதும் சுவீடிஷில்தான். அதோடு, எனக்குத் தெரிந்த மொழிகளில் நான் அவளுக்குப் பொய் சொல்லாதது அதில் மட்டும்தான். பொய் சொல்லும் அளவுக்கு எனக்கு அது வந்ததில்லை. இப்படி எழுதினேன்:

பூஸ்ட். இருந்தது எட்டு. ஆக்கியது ஐந்து. காரணம் பயம். இப்போது எட்டு.

பெற்றோல். வேண்டியது ஏழு வீதம். ஊற்றியது பதினாறு. காரணம் பயம். இப்போது ஏழு.

அனுப்பப் போனேன். அனுப்பவில்லை. எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து மூன்றாவது வரியையும் எழுதினேன்.

லண்டன். சொன்னது மூன்று கிழமை. ஆனது பதினான்கு வருடம். காரணம் பயம். இப்போது.

இப்போது என்பதற்குப் பிறகு போட எனக்கு எண் இல்லை. வெறுமையாக விட்டு அனுப்பினேன். கலாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மூன்றாவது வரியைத் தமிழில் இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"என்ர பேரையும் போட்டிருக்கலாம்," என்றாள்.

6

பத்தொன்பது நாள் பதில் இல்லை. இருபதாம் நாள், மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஒரு கோப்பும் ஒரு படமும் வந்தன. எழுத்து ஒன்றும் இல்லை.

முதலில் கோப்பைத் திறந்தேன். எனக்குத் தைரியம் அவ்வளவுதான். வெளிக் காற்று மைனஸ் இருபத்திரண்டு. பூஸ்ட் எட்டு. முழு வேகத்தில் பன்னிரண்டு, பன்னிரண்டு, கொஞ்சம் கீழே, மறுபடி பன்னிரண்டு. இருபத்தாறு நொடி அவள் பிடியை விடவே இல்லை. நல்ல உயரமான ஏற்றம் என்று அதிலேயே தெரிந்தது. அதற்குப் பிறகு எஞ்சின் ஆறு நிமிடம் சும்மா முனகிக்கொண்டு நின்றிருந்தது. மேலே ஏறி, நிறுத்தாமல், இருந்து பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்த ஆறு நிமிடத்தில் பிழை ஏதும் இருக்கிறதா என்று வரிவரியாகத் தேடினேன். இல்லை. பிழை இல்லாத கோப்பை அவள் ஏன் அனுப்பினாள் என்றுதான் விளங்கவில்லை.

படம், திறந்திருந்த பொனட்டின் உட்பக்கம். அதில் வெள்ளை நாடா. கறுப்புப் பேனையால் அவளுடைய கையெழுத்தில் மூன்று வரிகளும் இருந்தன. ஒரு சொல் விடவில்லை; மூன்று பயமும் இருந்தது. முதல் வரியின் முடிவில், சரிபார்த்தவர் இடத்தில், ம என்று தமிழில் போட்டிருந்தாள். இரண்டாவது வரியிலும் ம. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கட்டிய பணம் வீண்போகவில்லை என்று அந்த நேரத்திலும் நினைத்தேன். மூன்றாவது வரியின் முடிவில் ஒன்றும் இல்லை.

போன் எடுத்தேன். கலா தேத்தண்ணிக் கோப்பையைத் துடைத்தபடியே கிட்ட வந்து நின்றதால் ஒலிபெருக்கியில் போட்டேன். எடுத்தாள். பின்னால் காற்று இரைந்தது, வெளியில்தான் நிற்கிறாள். விரல் எப்படி என்று கேட்டேன். பரவாயில்லை என்றாள். மெசின் எப்படி என்று கேட்டேன்.

"நல்லாப் போகுது அப்பா. இப்பதான் சரியாப் போகுது."

எனக்குக் கேட்கத் தெரிந்த கேள்விகள் முடிந்துவிட்டன. சாப்பிட்டியா என்பது வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"மூண்டாவது வரியையும் எழுதியிருக்கிறாய்," என்றேன்.

போனை வாய்க்குக் கிட்டப் பிடித்தேன்.

"அது நான் செய்த பிழை, பிள்ளை. அப்பவே சொல்லியிருக்க வேணும். விளங்குதே?"

காற்று இரைச்சலுக்குள், உதட்டைக் குவித்து ஒரு சின்ன மூச்சு உள்ளே போனது. அரை நொடிகூட இராது. பிறகு, ஆட்கள் காத்துக்கொண்டு நிற்கினம், போறன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கலா கோப்பையோடு நின்றபடி என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்கள் இவ்வளவு கேட்டும் அவள் ஒண்டும் சொல்லேல்லையே," என்றாள்.

"ஓம் எண்டவள்."

"எப்ப சொன்னவள்? நானும் இஞ்சதானே நிக்கிறன்."